அஸ்வினின் பேச்சும் நம் பிள்ளைகளின் தமிழும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்தவர்க்குத் தாய்மொழி இரண்டு இடங்களில்தான் கிடைக்கும். ஒன்று வீட்டு அடுக்களை. மற்றொன்று காதில் வந்து விழும் குரல். ஒரு காலத்தில் அக்குரலை வானொலிப் பெட்டி தந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் கிரிக்கெட் ஆட்டத்தைத் தமிழில் வருணிக்க, நம் தந்தையார் சோலையார்பேட்டை வீட்டுத் திண்ணையில் பெட்டியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்பார். அக்காட்சி இன்றும் நம் நினைவில் நிற்கின்றது.

இன்று அப்பணியைக் கைபேசி செய்கின்றது. இரவு உணவு முடிந்ததும் பெங்களூர்த் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒரு குரல் கேட்கின்றது. அது வருணனையாளர் குரல் அன்று; ஆடியவர் குரலே ஆகும். அவர்தாம் இரவிச்சந்திரன் அஸ்வின். அவர் பேச்சாளராகி, அப்பேச்சையே ஒரு நிறுவனமாக வளர்த்த வரலாற்றையும், அதனை இரசிகர்கள் எவ்வாறு ஏற்றனர் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது நம் வீட்டிலேயே நிகழ்ந்தது. அதனை இறுதியில் கூறுவோம்.

வீதியிலிருந்து வந்தவர்

அஸ்வின் 1986-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். மேற்கு மாம்பலத்து வீதிகளில் ஆடி வளர்ந்தவர். அவருடைய தந்தையார் இரயில்வேயில் பணிபுரிந்தவர் என்பது நம்மைப் போன்ற இரயில்வே ஊழியர்க்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தி. மகன் பொறியியல் பயின்றார். பின்னர்ப் பந்தைக் கையில் எடுத்தார். 106 டெஸ்டு ஆட்டங்களில் 537 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆறு சதங்களும் அடித்தார். விக்கெட்டுக் கணக்கில் இந்தியர்களுள் அவருக்கு மேலே நிற்பவர் ஒருவரே. 619 விக்கெட்டுகள் எடுத்த அந்த அனில் கும்ப்ளே நம் பெங்களூர்க்காரர். இரண்டு ஊர்களுக்கும் இதில் பெருமை உண்டு.

2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் கதவுகள் அடைபட்டிருந்தபோது, அவர் யூடியூப்பில் பேசத் தொடங்கினார். அவ்வாண்டு ஐ.பி.எல். ஆட்டங்கள் ஐக்கிய அரபு நாட்டில் நடந்தபோது 'ஹலோ துபாயா' என்ற பெயரில் அன்றாட நிகழ்ச்சிகளைச் சொன்னார். அடுத்து வந்தது 'குட்டி ஸ்டோரீஸ்'. ஆஸ்திரேலியாவில் 2020 டிசம்பரில் நம் அணி வெறும் 36 ஓட்டங்களுக்குச் சுருண்டதையும், ஒரே மாதத்தில் பிரிஸ்பேன் நகரில் வென்று தொடரைக் கைப்பற்றியதையும், மைசூரில் பிறந்தவரான பீல்டிங் பயிற்சியாளர் ஸ்ரீதரோடு அமர்ந்து அவர் பேசியதைக் கேட்டு மகிழாத கிரிக்கெட் அன்பர் அரியர்.

அத்தொடரிலே சிட்னி நகரில், 2021 ஜனவரி 11-ஆம் நாள், ஹனுமா விஹாரியும் அவரும் உடல்நோவைப் பொறுத்துக்கொண்டு மாலை வரை நின்று ஆட்டத்தைக் காத்தனர். விஹாரி 161 பந்துகளைத் தாங்கி 23 ஓட்டங்கள். அஸ்வின் 128 பந்துகளைத் தாங்கி 39. அப்போது அஸ்வின் தம் தோழரைத் தமிழிலேயே தேற்றியது ஒலிவாங்கி வழியே உலகெங்கும் கேட்டது. கடல் கடந்த மைதானத்தில் நம் வீட்டுத் தமிழ்! அன்று நம் இல்லத்தில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு மேல்மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

ஆகவே, அவர் பேச்சை நாம் விரும்பியதற்குக் கிரிக்கெட் மட்டும் காரணம் அன்று. மேடைத் தமிழும் அன்று. செய்தித்தாள் தமிழும் அன்று. தெருவில் நண்பர் பேசும் தமிழ். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, தந்தையார் வயதுடைய ஒருவர் தமிழில் நுட்பமான ஒரு பொருளை விளக்குவதைக் கேட்கும் வாய்ப்பு வேறு எங்கே இருக்கின்றது? பந்து ஏன் திரும்புகின்றது, களத்தில் ஆளை ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்றெல்லாம் நம் மகன் தமிழில் கேட்கக் கற்றது அப்பேச்சினால்தான்.

பேச்சு நிறுவனமாயிற்று

நாளடைவில் பேச்சு வளர்ந்தது. தனியே பேசியவரைச் சுற்றி ஒரு குழு அமைந்தது. ஆட்டத்துக்கு முன் ஓர் ஆய்வு, பின் ஓர் ஆய்வு, விருந்தினர், கேள்வி பதில் என நிகழ்ச்சிகள் பெருகின. இந்தி அறிந்தவர்க்காக 'ஆஷ் கீ பாத்' என்ற தனிப் பகுதியும் எழுந்தது. 2024-இல் சித்தார்த் மோங்காவுடன் இணைந்து தம் இளமைக்கால நினைவுகளை ஆங்கில நூலாகவும் வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் நாள் பிரிஸ்பேனில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார்.

இவ்வளர்ச்சியை இரசிகர்கள் மூவகையாக ஏற்றதைக் காண்கிறோம். 'நம்மவர் ஒருவர் பிறர் நடத்தும் தொலைக்காட்சியை எதிர்பாராமல் சொந்தக் காலில் நிற்கிறாரே' என்று மகிழ்ந்தோர் ஒரு சாரார். 'தனியே அமர்ந்து பேசிய நாள்களில் இருந்த நெருக்கம் இப்போது இல்லை. விளம்பரமும் விருந்தினரும் மிகுந்துவிட்டனர்' என்று வருந்தினோர் மற்றொரு சாரார். 'பேச்சு வணிகமானால் உண்மை குறையும்' என்று ஐயுற்றோர் மூன்றாம் சாரார்.

இது நமக்கு மட்டும் உரிய நிலை அன்று. அமெரிக்காவில் பில் சிம்மன்ஸ் என்பவர் 1997-இல் பாஸ்டன் நகரத்து இரசிகர்களுள் ஒருவராக நின்று இணையத்தில் விளையாட்டுப் பத்தி எழுதத் தொடங்கினார். பின்பு ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தில் சேர்ந்தார், 2007-இல் வலையொலியில் பேசலானார். 2015-இல் அந்நிறுவனத்தினின்று பிரிந்தார். 2016-இல் 'தி ரிங்கர்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 2020-இல் அதனை ஸ்பாட்டிபை நிறுவனம் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. இரசிகராய் இருந்தவர் முதலாளியானார். அவரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் பெருமையும் உண்டு. 'பழைய எழுத்து போயிற்றே' என்ற ஏக்கமும் உண்டு. நண்பன் கடை வைத்தால் நமக்கு மகிழ்ச்சி. அவன் விலை சொல்லும்போதுதான் நெஞ்சில் ஏதோ உறுத்துகின்றது.

ஏப்ரல் மாதத்துப் பூசல்

அஸ்வினுக்கு இதைவிடக் கடினமான சோதனை ஒன்று வந்தது. 2024 நவம்பர் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அவரை 9.75 கோடி ரூபாய்க்கு மீண்டும் எடுத்தது. அதே அணி ஆப்கானிஸ்தானத்து இளைஞர் நூர் அகமதை 10 கோடிக்கு எடுத்தது. 2025-இல் ஆட்டங்கள் தொடங்கின. மார்ச்சு 28-ஆம் நாள் சேப்பாக்கத்தில் பெங்களூர் அணி சென்னையை 50 ஓட்டங்களால் வென்றது. 2008-க்குப் பின் அங்கே பெங்களூருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. மறுநாள் நம் அலுவலகக் கன்னட நண்பர் மைசூர்பாகு கொணர்ந்து, முதல் துண்டை நம் மேசையில் வைத்தார். நாமும் சிரித்துக்கொண்டே உண்டோம்.

அந்நாள்களில் அஸ்வினுடைய நிகழ்ச்சியில் விருந்தினராக வந்த ஆட்ட ஆய்வாளர் ஒருவர், அஸ்வினும் ஜடேஜாவும் இருக்கையில் நூர் அகமது தேவையில்லை என்னும் பொருள்படப் பேசிவிட்டார். பேசியவர் அவர், வீடு அஸ்வினுடையது. அணியில் உடன் ஆடுபவரைப் பற்றிய குறை தம் வீட்டுக் கூடத்திலேயே ஒலித்தது. இரசிகர்கள் கொதித்தனர். பயிற்சியாளர் பிளெமிங்கிடம் செய்தியாளர் கேட்டபோது, அப்படியொரு சேனல் இருப்பதே தமக்குத் தெரியாது என்று கூறி விலகினார். ஏப்ரல் தொடக்கத்தில், அப்பருவம் முடியும்வரை சென்னை அணியின் ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்றும், விருந்தினர் கருத்து அஸ்வினின் கருத்து ஆகாது என்றும் சேனல் அறிவித்தது.

இங்கே நியாயம் எவர் பக்கம்? இரு பக்கமும் உண்டு என்பது நம் துணிபு. ஆய்வாளர் தம் கருத்தைக் கூற உரிமை உடையவர். ஆயினும், கூலி பெறும் அணியைப் பற்றித் தம் சொந்த மேடையில் பேச்சு நடக்க இடங்கொடுப்பவர், இரண்டு நாற்காலிகளில் ஒரே வேளையில் அமர்கின்றார். நம் அலுவலகத்திலேயே பார்சல் கட்டணம் வாங்கும் எழுத்தர், மாலையில் வெளியே நின்று 'இந்த நிலையத்தில் பார்சல் போடாதீர்கள்' என்று கூறினால் மேலதிகாரி சும்மா இருப்பாரா? இரசிகர்களின் ஐயத்தில் இவ்வளவு நியாயம் இருந்தது. நூர் அகமது அப்பருவத்தில் 24 விக்கெட்டுகள் எடுத்து, மறுமொழியைப் பந்தினாலேயே கூறினார். அஸ்வினுக்கு ஒன்பது ஆட்டங்களில் கிடைத்தவை ஏழே. சென்னை அணி பட்டியலின் அடியில் முடிந்தது.

ஆனால், நியாயமான ஐயம் வேறு, வசைமொழி வேறு. தோற்ற அணியின் இரசிகர் பலர் இவ்வேறுபாட்டை மறந்தனர். பேசியவரை விட்டுப் பேச இடந்தந்தவரையும், அவரை விட்டு அவர் குடும்பத்தையும் இழுத்து எழுதியோர் உண்டு. ஆகஸ்டில் டேவால்ட் பிரேவிசை அணியில் சேர்த்த விலை பற்றி அஸ்வின் கூறிய ஒரு சொல்லுக்காக அணி நிர்வாகமே விளக்க அறிக்கை வெளியிட்டது. அவரும் தம் கருத்தைத் தெளிவுபடுத்தினார். அம்மாதம் 27-ஆம் நாள் ஐ.பி.எல். ஆட்டங்களிலிருந்தும் விலகினார். இரண்டு நாற்காலிகளில் ஒன்று இவ்வாறு காலியாயிற்று.

நம் வீட்டில் நிகழ்ந்தது

இனி நாம் கூறுவதாகச் சொன்ன செய்திக்கு வருவோம். நம் மூத்த மகனுக்கு அப்போது வயது பதின்மூன்று. தமிழ் எழுத்துகளை விடுமுறை நாள்களில் அவன் அன்னை கற்பித்தாள். ஆயினும், அவன் தமிழில் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பாட்டிக்கும் ஆங்கிலத்திலேயே செய்தி அனுப்புவான். ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் நம் கைபேசியை அவனிடமிருந்து வாங்கியபோது, அஸ்வினின் பேச்சுக்குக் கீழே அவன் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. அழகான தமிழ் எழுத்துகள், பிழையே இல்லை. பொருளோ, இங்கே அச்சிட முடியாத வசை.

நம் மகன் தானாக எழுதிய முதல் தமிழ் வரி அதுவாக இருந்ததே என்று நெஞ்சு துணுக்குற்றது. அடிக்கக் கை எழவில்லை. "இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டுவாயா, தம்பி?" என்று கேட்டோம். தலை குனிந்தான்.

"எல்லாரும் இப்படித்தானே அப்பா எழுதுகிறார்கள்?" என்றான். சற்றுப் பொறுத்து, "நீங்களும் அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னீர்களே, காசுக்காக எதையும் பேசுகிறான் என்று" என்றான்.

நமக்கு மறுமொழி வரவில்லை. சொன்னது உண்மை. ஐந்து ஆண்டுகள் நம் பிள்ளைக்குத் தமிழ் ஊட்டிய ஒருவரை, ஒரு தோல்வியின் எரிச்சலில், 'அவர்' என்பதிலிருந்து 'அவன்' என்பதற்கு இறக்கியவர் நாம்தாம். விதை நம் வாயிலிருந்து விழுந்தது. முளைத்தது பிள்ளையின் விரலில். பிள்ளையின்முன் அதனை ஒப்புக்கொண்டோம். அது எளிதாக இருக்கவில்லை.

பின்னர் இருவரும் அமர்ந்து அவ்வரியை அழித்தோம். "உனக்குக் கோபம் இருந்தால் கோபத்தை எழுது, ஆனால் அவர் நம் வீட்டுக் கூடத்தில் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணி எழுது" என்றோம். நெடுநேரம் எழுதி, அழித்து, மீண்டும் எழுதினான். "அண்ணா, நூர் அகமது நன்றாக வீசுகிறார். உங்கள் விருந்தினர் சொன்னது தவரு என்று நினைக்கிறேன்" என்பது அவன் எழுதியது. 'தவறு' என்பதில் ஓர் எழுத்துப் பிழை. நாம் திருத்தவில்லை. முன்னதில் பிழை இல்லை. எனினும் இதுவே நல்ல தமிழ்.

அன்பர்களுக்கு ஒரு சொல்

அதே ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் பெங்களூர் அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி விளையாட்டரங்கின் வாயில்களில் நேர்ந்த நெரிசலில் பதினொருவர் உயிரிழந்தனர். முறையான ஏற்பாடின்றிப் பெருங்கூட்டத்தை அழைத்ததன் விளைவு அது. மைசூர்பாகு கொணர்ந்த நண்பர் அதற்கு மறுநாள் பேச்சற்று அமர்ந்திருந்தார். அன்று நம் அலுவலகத்தில் எவரும் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அணிகளுக்கு மேலே மனிதர் இருக்கின்றனர் என்பதை அந்நாள் இரு மொழியாருக்கும் ஒருங்கே உணர்த்தியது.

பேசுவோர் நிறுவனமாக வளரட்டும். நம்மவர் வளர்வது நமக்குப் பெருமையே. வளர்ந்தவரை நாம் கேள்வி கேட்கவும் வேண்டும். கேட்காத இரசிகர் அடிமைக்கு ஒப்பாவார். ஆனால், எச்சொல்லால் கேட்கிறோம் என்பதை நம் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டின் எதிரில் அமர்ந்து கற்றுக்கொண்டிருக்கின்றனர். வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அயலூரில் வாழும் நாம், அதனைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் முன் ஒருமுறை நாமே படித்துப் பார்ப்பது நலம்.

நம் மகன் எழுதிய வரிக்கு எவரும் மறுமொழி தரவில்லை. அவன் சில நாள் எதிர்பார்த்தான்; பின்பு மறந்தான். சென்ற பொங்கலுக்குப் பாட்டிக்குத் தமிழில் ஒரு வாழ்த்து அனுப்பினான். அதிலும் ஓர் எழுத்துப் பிழை இருந்தது.