எந்த முனையத்தில் இருக்கிறோம்?

ஒரு கணினித் திரையில் மூன்று கறுப்புச் சாளரங்கள் திறந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இட்ட கட்டளையால், பெரிய கோப்பு ஒன்று பின்னணியில் நகலாகிக்கொண்டிருக்கிறது. ஆனால், மூன்றும் வேலையின்றி இருப்பவை போலவே தோன்றுகின்றன. தவறான சாளரத்தை மூடினால் நகலெடுக்கும் பணி பாதியில் நின்றுபோகக்கூடும். லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இக்குழப்பத்தைத் தீர்க்க உதவுவது 'டிடிஒய்' என்னும் கட்டளை.

இப்பெயர் 'டெலிடைப்' என்னும் பழைய கருவியின் சுருக்கமாகும். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது, அவர்கள் முன் இருந்தது பெரிய தட்டச்சுப்பொறியைப் போன்ற ஒரு கருவி. டெலிடைப் 33 என்ற வகை, விநாடிக்கு 10 எழுத்துகளை மட்டுமே தாளில் அச்சிட்டது. இன்றைய பொறுமைக்கு அது ஒத்துவராது! ஒரே கணினியுடன் இத்தகைய பல கருவிகள் இணைக்கப்பட்டன. எந்தக் கட்டளை எங்கிருந்து வந்தது, விடையை எங்கே அனுப்புவது என்பதைக் கணினி அறிய வேண்டியிருந்தது. ஆகவே, ஒவ்வொரு முனையத்திற்கும் தனிப்பெயர் தரப்பட்டது. யூனிக்ஸ் முனையத்தையும் ஒரு கோப்பாகவே கருதியதால், அப்பெயர்கள் 'டெவ்' என்ற கோப்புறையில் இடம்பெற்றன. 1971இல் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே 'டிடிஒய்' கட்டளை உண்டு.

டெலிடைப் கருவிகள் மறைந்துவிட்டன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று நாம் திறக்கும் சாளரம் ஒரு போலி முனையம். லினக்ஸில் அதன் பெயர் 'பிடிஎஸ்' எனத் தொடங்கும். எண்கள் 0இலிருந்து வரும். நகலெடுக்கும் பணி எந்த முனையத்திற்கு உரியது என்பதை 'பிஎஸ்' கட்டளையின் பட்டியல் காட்டும். அது 'பிடிஎஸ் 1' என்றால், ஒவ்வொரு சாளரத்திலும் 'டிடிஒய்' என்று தட்டிப் பார்க்கலாம். அதே விடையைத் தரும் சாளரத்தை மூடக்கூடாது.

சில வேளைகளில் இக்கட்டளை, 'இது முனையம் அன்று' என்னும் பொருள்பட விடையளிக்கும். இது பிழையன்று. உள்ளீடு விசைப்பலகையிலிருந்து வராமல், ஒரு கோப்பிலிருந்தோ வேறொரு நிரலிலிருந்தோ வருகிறது என்பதே அதன் பொருள். கடவுச்சொல் கேட்கும் நிரல்கள் பல இதற்கும் வழிவைத்துள்ளன. உள்ளீடு எங்கிருந்து வந்தாலும், அவை நடப்பு முனையத்தைக் குறிக்கும் சிறப்புக் கோப்பைத் திறந்து, விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவரிடமே நேரடியாகக் கேட்கின்றன.