கொடியைக் கையில் கொடுக்கும் நேரம்

கடலூர், சிதம்பரம் பக்கத்து கிராமம் ஒன்றுக்கு ராணுவ வீரரின் உடல் வந்தால், நம் கண்கள் தேசியக்கொடி போர்த்திய பெட்டி மீதுதான் இருக்கும். பக்கத்தில் விறைப்பாக நிற்கும் அதிகாரியை யார் கவனிக்கிறோம்?

2020 ஜூன் 15-ல் கல்வான் மோதலில் 20 வீரர்கள் வீரமரணம் அடைந்தார்கள். அவர்களில் ஹவில்தார் பழனியும் ஒருவர். 18-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரில் அவர் உடல் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது.

இத்தகைய இறுதிச்சடங்கில் எதுவும் பிசகக் கூடாது. கொடியின் காவி நிறம் தலைமாட்டில் இருக்க வேண்டும். குண்டுகள் முழங்க வேண்டும், பியூகிள் ஒலிக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்பது விதி. அதனால் அதை மடித்து குடும்பத்தினர் கையில் ஒப்படைக்கிறார்கள்.

கொடியை மடிக்கப் பழகிவிடலாம். அதை வாங்கும் தாயின் முகத்தைப் பார்க்க எந்த மைதானத்தில் பழகுவது? அதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஒப்பாரி புரியாமல் போகுமா? ஆனாலும் சீருடையில் இருப்பவர் அங்கே உடைந்து அழ முடியாது. அடுத்த ஊரில் இதே கடமை மறுபடியும் காத்திருக்கலாம்.

நம் ஊரில் அப்படி ஒரு துக்கம் நேர்ந்தால், ஓரமாக நிற்கும் அவருக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்போம்.