வரம்பு மண்ணின் ஈரலிப்பும் இறுக்கமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் பெரும்போகச் செய்கை வடகீழ்ப் பருவமழையை நம்பியது. அம்மழையே பலவீனமான வரம்புகளையும் வாய்க்காற் கரைகளையும் உடைப்பதுமுண்டு. 1957 டிசெம்பரிலும் 2011 சனவரியிலும் நேர்ந்த பெருவெள்ள அழிவைக் கமக்காரர் அறிவர். அத்தகைய வெள்ளத்தை வரம்பு தாங்காது. ஆயினும் நன்கு இறுக்கிய கரை சாதாரண மாரிமழையைத் தாங்கும். வாவியோர வயல்களில் கரை உடையின் உவர்நீரும் உட்புகும்.

மண் துணிக்கைகளுக்கிடையே காற்று நிறைந்த வெளிகள் உள. இடிக்கும்போது காற்று வெளியேற, துணிக்கைகள் நெருங்கும். மண் மிக உலர்ந்திருப்பின் அவை எளிதில் நெருங்கா. மிக ஈரமாயிருப்பின் வெளிகளை நீரே நிரப்பிக்கொள்ளும். இவ்விரண்டிற்கும் நடுவே ஒவ்வொரு மண்ணுக்கும் உகந்த ஈரலிப்பு ஒன்றுண்டு. மண் அணைகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலாளர் புரொக்டர் 1933 இல் இதனை விளக்கினார்.

கைச்சோதனை: ஒரு பிடி மண்ணை இறுகப் பிடித்துத் திறக்கவும். உருண்டையாய் நின்று, விரலால் அழுத்தச் சில துண்டுகளாக உடையின் ஈரலிப்பு போதியது. பொடியாய் உதிர்ந்தால் நீர் தெளித்து ஓரிரவு விடவும். கையில் அப்பினால் உலரவிடவும்.

நிறைச்சோதனை: 100 கிராம் ஈரமண்ணைச் சட்டியில் இளஞ்சூட்டில், நிறை மேலும் குறையாதவரை உலர்த்தவும். 87 கிராம் எஞ்சின் நீர் 13 கிராம். 13 ஐ 87 ஆற் பிரித்தால் ஈரலிப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 15 ஆகும்.

புல்லையும் வேரையும் அகற்றி, மண்ணை 15 சென்ரிமீற்றருக்கு மேற்படாத படைகளாக இட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தல் வேண்டும். அடுத்த படைக்குமுன் மேற்பரப்பைக் கீறிவிடுக. இடித்தபின் மெல்லிய இரும்புக் கம்பியைப் பல இடங்களிற் குத்துக. எளிதில் இறங்கும் இடத்தை மீண்டும் இடிக்கவும்.

குளக்கட்டு போன்ற பெரிய வேலைகளில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழியை உலர்மணலால் நிரப்பி அதன் கொள்ளளவை அறிவர். ஒரு லீற்றர் குழியின் மண் 2.07 கிலோகிராம், ஈரலிப்பு நூற்றுக்கு 15 எனின், உலர்மண் 1.8 கிலோகிராம். இதனை ஆய்வுகூடத்திற் பெற்ற உச்ச அளவோடு ஒப்பிடுவர்.

எழுவான்கரை மணல் தனியே நீரைத் தடுக்காது. களிமண் கலத்தல் அவசியம். மரக்கறிப் பாத்திகளையோ இறுக்கலாகாது. அங்கு வேருக்குக் காற்று வேண்டும். பாத்தி மண் பொலபொலப்பாகவும் வரம்பு மண் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். சிறுபோக அறுவடை முடிந்து மாரி தொடங்குமுன் உள்ள நாட்களே இவ்வேலைக்கு ஏற்ற காலமாகும்.