கையில் வாழும் வாத்தியம்

ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தின் வழியே ஓடும் செய்யாற்றங்கரை நாட்டை ஆண்ட நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு வழிகாட்டுவதாகப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், அவர்கள் சுமந்து சென்ற முழவு, ஆகுளி, எல்லரி, பதலை முதலிய வாத்தியங்களை எடுத்த எடுப்பிலேயே வரிசையாகக் கூறுகிறது. பதலை ஒருமுகத் தோற்கருவி என்று உரைகாரர் விளக்கியதால் அதன் உருவத்தையேனும் ஒருவாறு ஊகிக்கலாம். எல்லரியை எந்த நடையில் முழக்கினார்கள் என்று சொல்லிக்கொடுக்க இன்று ஒருவரும் இல்லை. பெயர் ஏட்டில் பிழைத்தது, நாதம் அழிந்தது.

அந்தக் கதி பறைக்கு நேராமல் காத்தவர்கள், அதைப் பரம்பரையாக முழக்கி வந்த கிராமக் கலைஞர்களே. மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, உலோகத் தகடுகளால் பிணைத்து வட்டச் சட்டமாக்கி, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, முழக்குவதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சி, ஒரு கையில் தடித்த அடிகுச்சியும் மறுகையில் மெல்லிய நீண்ட சுண்டுகுச்சியும் ஏந்தி ஆடிக்கொண்டே அடிக்கும் இந்த வித்தையில், ஒவ்வோர் அடியும் குருவின் கையைப் பார்த்தே சிஷ்யனுக்கு வருவது.

உஸ்பெகிஸ்தானத்துத் தாயிராவும் இதே இனம். உள்விளிம்பில் உலோக வளையங்கள் கோத்த அந்தச் சட்டப்பறையையும் சூடேற்றியே வாசிக்கிறார்கள். 1935இல் லண்டனில் நடந்த நாட்டிய விழாவில் நடனமணி தமாரா கானுமின் ஆட்டத்துக்குத் தாயிரா வாசித்த உஸ்தா ஆலிம் கமீலோவைத் தேசத்தின் கலைஞராகவே உஸ்பெக் நாட்டார் போற்றினர். நம் நாட்டிலோ, சாவு வீட்டில் அடித்தே தீரவேண்டும் என்று நிர்ப்பந்தித்து, அடித்தவரைத் தீண்டத்தகாதவரென்று ஒதுக்கியும் வைத்தோம். அந்த அவமானத்தை உதற விரும்பிப் பறையைக் கீழே வைத்த இளைஞர்களைக் குறை கூற எவருக்கும் யோக்கியதை கிடையாது. மனிதருக்கு மரியாதை தராமல் வாத்தியத்தை மட்டும் காப்பாற்ற நினைப்பது அதர்மம் என்பதே என் துணிபு.

அதே பறையைத் தன்மானத்தின் முழக்கமாக மீட்டெடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல்லில் 1990இல் தோன்றிய சக்தி கலைக்குழு, பெண்கள் பறையைத் தொடலாகாது என்ற தடையை உடைத்து, தலித் பெண்களின் கையிலேயே அதைக் கொடுத்தது. பறைக்கெனவே வாழ்நாளை அர்ப்பணித்த மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

விருதோடு நின்றுவிட்டால் போதாது. வாசகர்களே, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பறைக் கலைஞர்களை அழையுங்கள். நாகஸ்வர வித்துவானுக்குக் கொடுக்கும் சம்பாவனையையும் ஆசனத்தையும் அவர்களுக்கும் கொடுங்கள். எந்தச் சாதியில் பிறந்த குழந்தையாயினும், அவர்களிடம் மாணவனாக அனுப்புங்கள்.