தப்பு செய்தது நம் பிள்ளை என்றால்..?

கோடை விடுமுறை. பாட்டி வீட்டில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு ஏழு வயதுச் சிறுமி தன் அம்மாவிடம் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொல்கிறாள். அவள் சொல்லும் பெயர், 14 வயதான பெரியப்பா மகனுடையது.

அந்தச் சிறுமியின் அம்மா என்ன செய்ய வேண்டும் என்று நிறையவே பேசியிருக்கிறோம். அந்தப் பையனின் அம்மா நீங்களாக இருந்தால்? அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

'என் பிள்ளையா? இருக்கவே இருக்காது' என்று மறுப்பது ஒரு வகை. 'வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், இதோடு விட்டுவிடுங்கள்' என்று மூடி மறைப்பது இன்னொரு வகை. பெல்ட்டைக் கழற்றி அடித்து நொறுக்குவது மூன்றாவது வகை. மூன்றிலும் சிறுமிக்கு நியாயம் கிடைப்பதில்லை, பையனும் திருந்துவதில்லை.

இது அபூர்வமான விஷயமும் அல்ல. அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறார்கள் மீதான பாலியல் குற்றங்களில் போலீஸார் அடையாளம் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் 18 வயது நிரம்பாதவர்களே என்று தெரியவந்தது. சின்னக் குழந்தைகளைத் தொந்தரவு செய்பவர்களின் எண்ணிக்கை, 12 முதல் 14 வயதுக்குள் சட்டென்று கூடுவதையும் அந்த ஆய்வு காட்டியது.

எது இயல்பு, எது தீங்கு?

நாலு வயதுக் குழந்தைகள் ஒருவர் உடலை ஒருவர் வேடிக்கை பார்ப்பதும், பதின்வயதில் ஈர்ப்பு வருவதும் வளர்ச்சியின் பகுதிதான். அதற்கெல்லாம் பதற வேண்டாம். வயதிலோ, உடல் பலத்திலோ, புரிதலிலோ பெரிய வித்தியாசம் இருக்கிறதா? மிரட்டல், பலவந்தம், சாக்லேட், போன் என்று ஆசை காட்டுவது உண்டா? 'யார்கிட்டயும் சொல்லாதே' என்ற நிபந்தனை இருந்ததா? கண்டித்த பிறகும் தொடர்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது விளையாட்டு அல்ல.

எல்லோரும் ஒரே மாதிரி இல்லை

'கெட்ட சகவாசம்' என்று ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிடுகிறோம். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் செட்டோ, மார்ட்டின் லாலுமியேர் இருவரும் 59 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. திருட்டு, அடிதடி போன்ற குற்றங்களில் சிக்கிய பையன்களோடு ஒப்பிட்டால், பாலியல் குற்றத்தில் சிக்கியவர்களிடம் போதைப் பழக்கமும் தவறான நண்பர் கூட்டமும் குறைவாகவே இருந்தன. தனிமை, மனப்பதற்றம், சிறு வயதிலேயே ஆபாசக் காட்சிகளைப் பார்த்தது, தானே பாலியல் கொடுமைக்கு ஆளானது ஆகியவை அதிகமாக இருந்தன.

அவர்களுக்குள்ளும் வித்தியாசங்கள் உண்டு.

தன்னைவிடச் சிறிய குழந்தைகளிடம் அத்துமீறும் பையன்களில் பலர், சம வயதினரோடு பழகத் தெரியாமல் ஒதுங்கியிருப்பவர்கள். தாழ்வு மனப்பான்மை உள்ளவர்கள். இவர்கள் நெருங்குவது பெரும்பாலும் தெரிந்த வீட்டுக் குழந்தைகளையே.

சம வயதுப் பெண்களைப் பலவந்தப்படுத்துபவர்கள் வேறு ரகம். இவர்களில் பலரிடம் பள்ளிக்கு மட்டம் போடுவது, அடிதடி என மற்ற விதிமீறல்களும் சேர்ந்தே இருக்கும். நண்பர்களோடு கூட்டாகத் தவறு செய்வதும் இந்த ரகத்தில்தான் அதிகம்.

கற்றல் குறைபாடோ, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் சிலருக்கு அடுத்தவரின் எல்லை எது என்று யாருமே சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் பெண் பிள்ளைகளும் இப்படி நடப்பதுண்டு. அவர்களில் பலர், தாங்களே கடுமையான கொடுமையைச் சந்தித்தவர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளையை இதைப் படித்துவிட்டுச் சந்தேகப்படாதீர்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்வதில்லை. பின்னணி வேறுபடுவதால் ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் உதவியும் வேறுபடும் என்பதே இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது.

திருந்துவார்களா?

அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கால்ட்வெல், 33,000-க்கும் மேற்பட்ட இளம் வயதினரின் தரவுகளை உள்ளடக்கிய 106 ஆய்வுகளை அலசி 2016-ல் முடிவுகளை வெளியிட்டார். 2000-க்குப் பிந்தைய ஆய்வுகளில், மறுபடியும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 3 சதவிகிதத்துக்கும் குறைவு. வெளியே வராத சம்பவங்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனாலும், 'ஒருமுறை செய்தவன் காலம் முழுக்கச் செய்வான்' என்ற எண்ணம் சரியல்ல என்பது தெளிவு. பையனுக்கு மட்டும் தனியாக ஆலோசனை தருவதைவிட, பெற்றோரையும் பள்ளியையும் சேர்த்துக்கொண்டு தரும் சிகிச்சை நல்ல பலன் தந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2012-ன் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகளே. குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பெற்றோர், ஆசிரியர், டாக்டர் யாரும் இதற்கு விலக்கில்லை. 'ரகசியமாக கவுன்சலிங் மட்டும் கொடுத்துவிடலாம்' என்ற வழி சட்டத்தில் இல்லை.

தவறு செய்தவர் சிறார் என்றால், விசாரிப்பது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் செயல்படும் குழுமம். 16 வயது நிரம்பாதவரைப் பெரியவர்போல் விசாரிக்க முடியாது. 16 முதல் 18 வயதுக்குள் இருந்து, குற்றமும் மிகக் கொடியதாக இருந்தால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு வழக்கைச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். பாதிக்கப்பட்ட குழந்தை, தவறு செய்த சிறார் இருவரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

* முதலில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பாதுகாப்பு. இருவரும் ஒரே வீட்டில் இருந்தால், இடம் மாற வேண்டியது பையன்தான். குழந்தையை வேறு எங்கும் அனுப்பாதீர்கள்.

* குழந்தை சொன்னதை நம்புங்கள். உறவினர் ஒவ்வொருவர் முன்பும் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள்.

* இருவரையும் எதிரெதிரே நிறுத்தி 'மன்னிப்புக் கேள்' என்று பஞ்சாயத்து செய்யாதீர்கள்.

* பையனை அடிக்காதீர்கள். 'நீ செய்தது பெரிய தப்பு. அதற்கு நீதான் பொறுப்பு. ஆனால் நீ மாற நாங்கள் உன்னோடு இருப்போம்' என்று நேராகச் சொல்லுங்கள்.

* அவனுக்கும் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று மனநல நிபுணர் மூலம் கண்டறியுங்கள். 'நீயும் பாதிக்கப்பட்டவனா?' என்று நீங்களே குடையாதீர்கள்.

* போன், சின்னக் குழந்தைகளோடு தனியே இருக்கும் நேரம் இரண்டையும் கண்காணியுங்கள்.

* குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுமே 24 மணி நேரமும் இயங்குபவை.

அடுத்த கோடைக்கு முன், நம் வீட்டுப் பையன்களிடம் ஒரு பேச்சு பாக்கியிருக்கிறது. பெண் குழந்தைக்கு 'குட் டச், பேட் டச்' சொல்லித் தருகிறோம். 'அடுத்தவர் உடம்பு உன் விளையாட்டுப் பொருள் அல்ல' என்று மகனிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? பத்து வயதிலேயே அதைச் சொல்லிவிடலாம். சீக்கிரம் என்று நினைக்க வேண்டாம்.