கரூசோவின் குரலும் உலக அரங்கும்

மேனாட்டு இசை நாடகமாகிய ஒப்பெராவில், ஆடவர் குரல்களுள் உச்சத்தானத்தில் இயங்குவது 'தெனோர்' எனப்படும். கதைத் தலைவனின் பாத்திரம் பெரும்பாலும் இக்குரலுக்கே உரியது. ஒலிபெருக்கியின் துணையின்றி, வாத்தியக் குழுவின் பேரோசையையும் கடந்து, கடைசி வரிசையில் இருப்பாருக்கும் அது கேட்டல் வேண்டும். இக்குரல் படைத்த ஒருவர் தம் ஊரெல்லை கடந்து உலகப் புகழ் எய்தியவாற்றை, என்றிக்கோ கரூசோவின் வாழ்க்கை கொண்டு நாம் ஈண்டு நோக்குவாம்.

கரூசோ 1873 ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் எளிய தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தார். 1895 இல் அந்நகரிலேயே அரங்கேறினார். தொடக்கத்தில் அவர் குரல் உச்ச சுரங்களில் உடைந்துபோவதுண்டு. இடையறாத பயிற்சியே அதனை உறுதிப்படுத்தியது. 1898 இல் மிலான் நகரில் ஜியோர்தானோவின் 'பெடோரா' முதன்முறை மேடையேறியபோது, அதிற் பாடிப் பெரும் புகழ் பெற்றார். மறு ஆண்டே இரசியாவும் ஆர்ஜென்டீனாவும் அவரை அழைத்தன.

ஒரே பாடகர் இத்துணை நாடுகளிற் பாடுதல் எங்ஙனம் இயன்றது? நியூயோர்க்கில் ஒப்பெராப் பருவம் மாரிகாலத்தது. இலண்டனிலோ அது கோடையிற் கூடும். தென்கோளத்துப் புவனஸ் அயர்சில் மாரி நிகழ்வது வடகோளத்தின் கோடையில். ஆகவே நீராவிக் கப்பலேறிச் செல்வார்க்கு ஆண்டு முழுவதும் அரங்குகள் திறந்திருந்தன. இத்தாலிய மொழி ஒப்பெராக்களை அம்மொழியிலேயே பாடுதல் அவ்வரங்குகளில் வழக்கமாதலின், மொழியும் தடையாகவில்லை.

எனினும், 1901 இன் இறுதியில் நேப்பிள்ஸ் சான் கார்லோ அரங்கிற் பாடியபோது, சொந்த ஊரார் எதிர்பார்த்த வரவேற்பை அளித்திலர். இனி அந்நகரிற் பாடுவதில்லை என உறுதிபூண்ட கரூசோ, இறுதிவரை அதனைக் காத்தார்.

நான்கு திங்கள் கழியுமுன், 1902 ஏப்பிரலில், மிலான் விடுதி அறையொன்றிற் கிராமபோன் கம்பெனிக்காக 10 பாடல்களைப் பாடினார். ஊதியம் 100 பவுண். மைக்கிறபோன் ஒலிப்பதிவு தோன்றாத காலம் அது. பாடுவோரின் குரல் ஊதுகுழல்வாய் ஒன்றினூடே சென்று ஊசியை அசைக்க, ஊசி மெழுகிற் கோடிழைக்கும். மெல்லிய ஒலிகளும் ஆழ்ந்த ஒலிகளும் அதிற் செவ்வனே பதியா. கரூசோவின் திண்ணிய குரலோ தெளிவாகப் பதிந்தது. அரங்கிற்குச் செல்ல வாய்ப்பற்றோரும் வீட்டிலிருந்தே அவரைக் கேட்கலாயினர்.

1902 மே மாதம் இலண்டன் கொவன்ற் காடினிலும், 1903 நவம்பரில் நியூயோர்க் மெற்றோப்பொலிற்றனிலும் அவர் முதன்முறை பாடினார். பின்னைய குழுவோடு மட்டும் 800 தடவைக்கு மேற் பாடினார். 1920 டிசம்பரில், பாடும்போதே தொண்டையிற் குருதி கசிந்தது. அதன் பின்னரும் மேடையேறினார். அம்மாதம் 24 ஆம் நாள் பாடியதே இறுதியாயிற்று. 1921 ஓகஸ்டில், 48 ஆம் வயதில், நேப்பிள்ஸிலேயே உயிர்நீத்தார்.

பாடமாட்டேன் என்ற ஊருக்கே அவர் இறக்க மீண்டார். மாணவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக: ஊரார் அளிக்கும் மதிப்பு நம் கையில் இல்லை; பயிற்சியோ நம் கையில் உள்ளது. அப்பயிற்சியால் உறுதிபெற்ற குரலை இசைத்தட்டுகளில் நாம் இன்றும் கேட்கின்றோம்.