மறுபத்தியம் என்னும் படிக்கட்டு

மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது. 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இந்தப் பண்ணைக்குள் நுழையும் குழந்தைகள், வாயைப் பிளந்தபடி கிடக்கும் முதலைகளைப் பார்த்ததும் “இது நிஜ முதலையா, பொம்மையா?” என்று கேட்பார்கள். அந்த அசையாமைதான் முதலையின் சேமிப்பு. நம் உடல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே உணவில் பெரும்பங்கைச் செலவழிக்கிறது. முதலை அந்த வேலையை வெயிலிடம் விட்டுவிடுகிறது. அதனால்தான் வளர்ந்த முதலையால் பல மாதங்கள் இரையே இல்லாமல் உயிர்வாழ முடிகிறது.

மலைப்பாம்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பட்டினிக் காலத்தில் அது தன் குடலையே சுருக்கிவிடும். இரைப்பையில் அமிலம் சுரப்பதையும் நிறுத்திவிடும். உபயோகம் இல்லாத உறுப்புக்குத் தீனி போடுவதில்லை என்பது அதன் கணக்கு. ஒரு பெரிய இரையை விழுங்கியதும் ஓரிரு நாளுக்குள் குடலின் எடை இரண்டு மடங்காகிறது. தன் எடைக்கு ஈடான இரையை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் ஆற்றல் செலவு 40 மடங்குக்கு மேல் ஏறியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். செரித்து முடித்ததும் எல்லாம் மறுபடி சுருங்கும்.

பட்டினியிலிருந்து விருந்துக்கு ஒரே தாவலில் போகும் உடல் அது. மனித உடல் அப்படிப்பட்டது அல்ல. ஆனால் எடை குறைப்பதற்காக ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாயைக் கட்டியவர்களில் பலர், நினைத்த எடை வந்த மறுநாளே மலைப்பாம்பைப்போலத் தாவப் பார்க்கிறார்கள். இறங்குவதற்குத் திட்டம் போட்டவர்கள் ஏறுவதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்டால் உடலுக்குள் என்ன நடக்கிறது? உடல் அதை டயட் என்று அறியாது. பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசுக்கள் சுருங்கச் சுருங்க, அவை சுரக்கும் லெப்டின் குறைகிறது. ‘கையிருப்பு தீர்கிறது’ என்று மூளைக்குப் போகும் செய்தி அது. வயிற்றில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின் கூடுகிறது. தைராய்டு சுரப்பின் வேகம் தணிகிறது. நமக்குத் தெரியாமலேயே கை கால் அசைவும் குறைகிறது: மாடிப்படி ஏறத் தயங்குகிறோம், உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மனம் வருவதில்லை. எடை குறைந்த உடலுக்கு முன்னைவிடக் குறைந்த ஆற்றலே போதும். அதோடு இந்தச் சிக்கனமும் சேர்ந்துகொள்கிறது. இந்த நிலையில் திடீரென்று பழைய அளவுக்குச் சாப்பிட்டால் செலவு குறைந்த வீட்டில் வரவு மட்டும் கூடும். மிஞ்சுவது கொழுப்பாகச் சேரும்.

இதை மிகத் துல்லியமாக அளந்தது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு. 1944 நவம்பரில் தொடங்கிய அந்த ஆய்வுக்கு 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரங்கள் ஏறத்தாழ பாதி உணவில் இருந்து, உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். அவர்கள் ஓய்வில் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறைந்தது. பிறகு அவர்களைக் குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு அளவில் உணவைக் கூட்டினார்கள். தினம் 400 கலோரி மட்டும் கூடுதலாகப் பெற்ற குழு மிக மெதுவாகத்தான் தேறியது. கட்டுப்பாடு நீங்கியதும் பலர் வயிறு கொள்ளாமல் சாப்பிட்டார்கள். அப்போதும் பசி அடங்கவில்லை. தசை முழுதாகத் திரும்பும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. தாவினாலும் கேடு, நத்தையாக நகர்ந்தாலும் கேடு என்பதே அந்த ஆய்வு தந்த பாடம்.

இந்தப் பாடத்தின் கொடுமையான முன்கதை நம் மண்ணிலேயே இருக்கிறது. முதலைப் பண்ணைக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், 1877-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலை செய்தவர்களுக்கு ஆங்கில அரசின் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். மண் வெட்டும் உடலுக்கு இது போதாது, ஒன்றரைப் பவுண்டு தானியமும் காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பின்னர் ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்புமாக அளவு உயர்த்தப்பட்டது. பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர், அவர்களுடைய உள்ளுறுப்புகளின் எடையை எடுத்துப் பதிவு செய்தார். பட்டினி உடம்பின் சதையோடு நின்றுவிடுவதில்லை, உள்ளுறுப்புகளையும் தின்கிறது என்பதற்கு 1889இல் வெளிவந்த அவருடைய நூல் சாட்சி.

அப்படி உள்ளே தேய்ந்துபோன உடலுக்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் உயிருக்கே ஆபத்து. பட்டினியில் உடல் கொழுப்பை எரித்து ஓடிக்கொண்டிருக்கும். மாவுச்சத்து உள்ளே வந்ததும் இன்சுலின் பாய்கிறது. சர்க்கரையோடு சேர்த்து, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றையும் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே காலியாக இருக்கும் கையிருப்பு சட்டென்று தீர்ந்து, இதயத் துடிப்பு தடுமாறும். மூச்சு விடும் தசைகள் சோரும். மருத்துவர்கள் இதை மறு உணவூட்ட நோய்க்குறி என்கிறார்கள். அதனால்தான் மிக மெலிந்த நோயாளிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 கலோரி என்ற சிறிய அளவில் தொடங்கி, தயமின் வைட்டமினும் தாது உப்புகளும் கொடுத்து, நான்கு முதல் ஏழு நாளில் முழு அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கும் இதே முறைதான்: முதலில் 100 மில்லிக்கு 75 கலோரி உள்ள பால் கலவை, உடல் நிலைப்பட்ட பிறகே 100 கலோரி கலவை.

அலுவலகம் போய்க்கொண்டே டயட் இருந்தவருக்குப் பெரும்பாலும் இந்த ஆபத்து இல்லை. ஆனால் பத்து நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் சாப்பிடாதவர்கள், சில மாதத்தில் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்கள், உடல் நிறைக் குறியீடு 16க்குக் கீழே போனவர்கள் வீட்டில் தாங்களாகவே எதையும் முயலக் கூடாது. மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

மற்றவர்களுக்கு வழி எளிது. ஒவ்வொரு வாரமும் அன்றாட உணவில் 100 முதல் 150 கலோரி கூட்டினால் போதும். முதல் வாரம் காலையில் இரண்டு இட்லி கூடுதல். அடுத்த வாரம் ஒரு வாழைப்பழம். அதற்கடுத்த வாரம் மாலையில் ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலை. பிறகு குழம்பில் மீன், சுண்டல், முட்டை என்று புரதத்தைக் கூட்டலாம். இழந்த தசையைத் திரும்பக் கட்டப் புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். கூட்டுகிற உணவு தசைக்குப் போகட்டும். இரண்டு வாரம் எடை நிலையாக நிற்கும் அளவே உங்களுக்கான அளவு. இப்படி மெதுவாகக் கூட்டினால் வளர்சிதை மாற்றம் மாயமாக வேகம் பிடிக்கும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். அதற்கு வலுவான சான்று இல்லை. மெதுவாகக் கூட்டுவதன் பயன் வேறு: பசிக்கு ஓர் எல்லை கிடைக்கிறது, எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

முதல் வாரத்தில் தராசு ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டினால் பதற வேண்டாம். மாவுச்சத்து கூடியதும் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் நிரம்புகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அது கொழுப்பு அல்ல. இதைக் கண்டு பயந்து மறுபடி பட்டினிக்குத் திரும்புகிறவர்கள்தான் ஏறுவதும் இறங்குவதுமாகவே வருடங்களைக் கழிக்கிறார்கள்.

நம் முன்னோர்களுக்கு இது புதிதல்ல. ஏகாதசி இருந்தவர் மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை செய்கிறார். ரமலான் நோன்பு திறப்பவர் பேரீச்சம்பழத்தில் தொடங்கிக் கஞ்சியைக் குடிக்கிறார். சித்த வைத்தியர் மருந்துக்குப் பத்தியம் சொல்வதோடு நிற்பதில்லை. மருந்து முடிந்த பிறகு சில நாட்கள் மறுபத்தியமும் சொல்கிறார். மருந்து நின்றாலும் உடல் இன்னும் பழைய நிலைக்கு வந்துசேரவில்லை என்ற அறிவு அந்தச் சொல்லில் இருக்கிறது. டயட் முடித்தவர்கள் தங்கள் நாட்காட்டியில் இன்னும் இரண்டு மாதத்தை இந்தச் சொல்லுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். குறைத்த எடை தங்குமா, திரும்பி வருமா என்ற கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கும் இடம் அந்த இரண்டு மாதம்தான்.